பாத்தி தனது, வாய்க்கால் பொது

இடையஞ்சாவடி

அன்புள்ள மகளுக்கு,



தனித்தளம் என்பது, ஒருவர் தம் எழுத்தையும் படங்களையும் தேடித் திரட்டிய செய்திகளையும் பெருநிறுவனங்களின் சமூக ஊடகங்களில் இட்டுவிட்டுப் போகாமல், தாமே பெயரிட்டு, தாமே வடிவமைத்து, தம் பொறுப்பிலேயே இணையத்தில் நிறுத்தும் பக்கங்களின் தொகுப்பாகும். அத்தகைய தளங்களை அமைப்போர் ஒருவருக்கொருவர் கற்பித்தும், இணைப்புக் கொடுத்தும், பழுது கண்டால் எடுத்துச் சொல்லியும் கூடிப் பழகும் குழுக்கள் இன்று உலகெங்கும் உள்ளன. அவற்றுள் ஒன்றில் சேரும் ஆவல் இளைய உள்ளத்தில் எழுவது பெரியோர்க்கு மகிழ்ச்சி தருவதே. ஆயினும், சேர்தல் என்பது படிவத்தில் பெயரை நிரப்புவதோடு முடிவதன்று என்பதையும், அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை பல உண்டு என்பதையும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

இடையஞ்சாவடிக்கு வடக்கே, கழுவேலி நீர்ப்பரப்பை ஒட்டி விரியும் மரக்காணத்து உப்பளமே இதற்கு ஏற்ற பாடம். அளத்தில் ஒவ்வொரு பாத்திக்கும் தனி வரப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரப்பைச் சீர்செய்வதும், படிந்த சேற்றை அகற்றுவதும், தரையைக் காலால் மிதித்து இறுக்குவதும் அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொள்பவரின் வேலை. ஆனால் உவர்நீரைக் கொண்டுவரும் வாய்க்கால் எல்லோருக்கும் பொது. வாய்க்கால் தூர்ந்துபோனால் எவருடைய பாத்தியிலும் உப்பு விளையாது. வரப்பை உடையவிட்டவருக்கு வாய்க்கால் நிறைய நீர் ஓடினாலும் பயனில்லை. தனித்தளக் குழுவின் இயல்பும் இதுவே: தளம் ஒருவருடையது, அறிவும் இணைப்பும் ஓடும் வாய்க்கால் அனைவருடையது. இவ்விரண்டையும் ஒருசேரப் பேணத் தெரிந்தவரே குழுவில் உண்மையாகச் சேர்ந்தவர்.

தமிழுக்கு இந்த வாய்க்கால் தானாக வந்துவிடவில்லை. உலகளாவிய வலையை டிம் பெர்னர்ஸ்-லீ சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989இல் முன்மொழிந்தார். அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்த ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1995இல், சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தந்த ஒரு தளத்தில் தமிழையும் ஏற்றிக் காட்டினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்னும் மென்பொருளை வளர்த்தெடுக்க, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகவே வழங்கினார். இவர்கள் வெட்டிய வாய்க்காலில்தான் இன்றைய தமிழ்த் தளம் ஒவ்வொன்றும் நீர் பெறுகிறது.

அந்தத் தொடக்க ஆண்டுகளின் துன்பத்தையும் இளையவர் அறிந்திருத்தல் நன்று. அப்போது ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வைத்திருந்ததால், எழுதியவரின் எழுத்துரு படிப்பவரின் கணினியில் இல்லையென்றால் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றின. அவ்வாறு எழுதப்பட்ட பல பக்கங்கள் இன்று படிக்க ஆளின்றிக் கிடக்கின்றன. எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் உலகளவில் ஒரே எண் வரிசையைத் தரும் ஒருங்குறி என்னும் முறை 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களைக் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தும், அது வீட்டுக் கணினிகளில் இயல்பாகப் புழங்கப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. இன்றும் ஒரு சிறு கவனம் தேவைப்படுகிறது. "உப்பு" என்னும் சொல் கண்ணுக்கு மூன்றே எழுத்து. ஒருங்குறியிலோ உகரம், பகரம், புள்ளி, மீண்டும் பகரம், உகரக்குறி என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம் அச்சொல் பதினைந்து பைட்டு இடம் பிடிக்கிறது. பக்கம் யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டது என்ற அறிவிப்பைத் தலைப்பகுதியில் இடாமல் விட்டால், உலாவி அந்தப் பதினைந்தையும் தனித்தனிக் குறிகளாகக் கருதிக் குப்பையாகக் காட்டிவிடக்கூடும். ஆகவே முதற்பக்கத்தை எழுதும்போதே அந்த ஒரு வரியையும், பக்கத்தின் மொழி தமிழ் என்னும் குறிப்பையும் தவறாமல் சேர்ப்பது தளம் அமைப்பவரின் முதற்கடமை.

தளத்தின் எலும்புக்கூட்டை எழுதும் குறிமொழிக்கு எச்டிஎம்எல் என்று பெயர். எது தலைப்பு, எது பத்தி, எது இணைப்பு என்பதை அது சொல்லும். நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றைச் சொல்வது சிஎஸ்எஸ். இவ்விரண்டையும் கற்க விலையுயர்ந்த கணினியோ கல்லூரிப் பட்டமோ வேண்டா. எளிய தமிழில் கணினி நுட்பத்தைக் கற்பிக்கும் கட்டுரைகளையும் நூல்களையும் கணியம் இதழ் 2012 முதல் கட்டணமின்றி வழங்கிவருகிறது. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு இதே மாவட்டத்தில் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்துவருகிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் உள்ளது. கட்டற்ற மென்பொருள் என்பது எவரும் பயன்படுத்தவும், திறந்து பார்க்கவும், திருத்தவும், பகிரவும் உரிமை தரும் மென்பொருள். தொலைவிலுள்ள இணையக் குழுவை நாடும் முன், பேருந்தேறிச் சென்று நேரில் அமர்ந்து கற்கக்கூடிய இக்குழுக்களை அறிவது நலம். முகம் பார்த்துக் கற்றது எளிதில் மறப்பதில்லை.

வரப்பு எவருடையது என்னும் வினா அடுத்து வருகிறது. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் சேவை, எவரும் இலவசமாகப் பக்கம் அமைக்க இடம் தந்து, பக்கங்களைத் தெருக்களும் பேட்டைகளும் போலப் பிரித்து வைத்திருந்தது; வெளிநாடுகளில் வாழ்ந்த தமிழர் பலரும் அங்கே தம் முதற்பக்கத்தை அமைத்தனர். 1999இல் அதை வாங்கிய யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடிவிட, கோடிக்கணக்கான பக்கங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. ஆர்வலர்கள் ஓடி ஓடிப் படியெடுத்த பகுதி மட்டுமே எஞ்சியது. 2013இல் தொடங்கிய நியோசிட்டீஸ் அந்த மரபைப் புதுப்பித்து, இன்றும் தொடக்க நிலையினருக்கு இலவசமாக இடம் தருகிறது. அங்கே தொடங்குவதில் தவறில்லை; ஆனால் தளத்தின் கோப்புகள் அனைத்தையும் தம் கணினியில் ஒரு படியும், வெளியே ஒரு பென்டிரைவில் மற்றொரு படியுமாக வைத்திருப்பவருக்கே, இடம் தந்தவர் கடையை மூடும் நாளில் கலக்கம் இராது. வசதி வந்தபின் தமக்கென ஒரு தளப்பெயரைப் பதிவு செய்வது அடுத்த படி. தளப்பெயர் என்பது இணையத்தில் ஒருவரின் நிலையான முகவரி; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் எனத் தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களும் இன்று உள்ளன. ஆண்டுக்கட்டணம் கட்டத் தவறினால் அப்பெயர் பிறர் கைக்குப் போய்விடும் என்பதால், கட்டவேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்துவைத்தல் வேண்டும்.

வாய்க்காலைப் பேணுவது எவ்வாறு என்பதற்குத் தமிழிலேயே சிறந்த சான்றுகள் உள்ளன. 1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் எவருக்கும் இலவசமாகத் தரும் தன்னார்வ முயற்சி. ஒருவர் தட்டச்சிட, வேறொரு நாட்டிலிருப்பவர் பிழைதிருத்த, மூன்றாமவர் கோப்பாக்க, ஒருவரையொருவர் நேரில் காணாமலேயே பணி நடந்தது. அத்திட்டத்தின் நூலொன்றைத் திறந்தால், தட்டச்சிட்டவர் இவர், மெய்ப்புப் பார்த்தவர் இவர் என்று நன்றியுடன் குறித்த வரிகள் நூலுக்கு முன்னே நிற்பதைக் காணலாம். குழுவில் சேர்பவர் கற்கவேண்டிய முதல் ஒழுக்கம் அந்த வரிகளில் உள்ளது: பிறருடைய வடிவமைப்பையோ படத்தையோ நிரலையோ எடுத்தாண்டால், கேட்டு எடுப்பதும் பெயர் சொல்லி நன்றி கூறுவதும் கடன்.

இணைப்புக் கொடுத்தலும் அவ்வாறே. 1995இல் சேஜ் வெயில் என்னும் அமெரிக்க மாணவர் வலைவளையம் என்னும் முறையைப் பரப்பினார். ஒரே பொருள் பற்றிய தளங்கள் ஒவ்வொன்றும் தன் அடியில் முந்தைய தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இணைப்பு வைத்திருக்க, கடைசித் தளம் முதல் தளத்தோடு கைகோத்துக்கொள்ளும். தேடுபொறியின் தயவின்றியே வாசகர் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்வார். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம், பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளின் செய்தியோடைகளைத் திரட்டி ஓரிடத்தில் காட்டியது. செய்தியோடை என்பது, தளத்தில் புதிதாக எழுதப்பட்டவற்றின் பட்டியலைப் பிற மென்பொருள்களும் படிக்கும்வண்ணம் தரும் சிறு கோப்பு. அத்திரட்டி பல்லாண்டு ஓடிப் பின்னர் ஓய்ந்தபோதும், தமக்கெனத் தளமும் படியும் வைத்திருந்தவர்களின் எழுத்து நிலைத்தது. பாத்தியும் வாய்க்காலும் ஒன்றையொன்று நம்பியிருந்தாலும், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய இயலாது என்பது இதனால் விளங்கும்.

குழுவில் நுழைபவர் வெறுங்கையோடு செல்லாமல், இரண்டு மூன்று பக்கங்களாவது முடித்த ஒரு சிறு தளத்தோடு செல்வது முறை. ஐயம் எழுந்தால், முதலில் தாமே முயன்று, எங்கே தடை ஏற்பட்டது என்பதைத் தெளிவாக எழுதிக் கேட்கவேண்டும். விடை கிடைத்தபின் அதைத் தம் தளத்தில் தமிழில் எழுதி வைத்தால், அதே தடையில் நாளை நிற்கப்போகும் மற்றொருவருக்கு உதவும். பெற்ற உதவியைத் திருப்பித் தரும் வழி அதுவே. பூசல் எழும் நாளும் வரும். கடல்நீர் வெயிலில் சுண்டிச் சுண்டி, அளவியில் 3 டிகிரியாக இருந்த அடர்த்தி 25ஐ நெருங்கும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பேறும் என்பதால், எஞ்சிய நீரை அளத்தார் காலத்தோடு வெளியேற்றிவிடுவர். வாதமும் அவ்வாறு ஓர் எல்லைவரை தெளிவைத் தரும், எல்லை கடந்தால் கசப்பையே தரும். அந்த எல்லையை அறிந்து விலகுதல் தோல்வியாகாது.

தளத்தில் எதை எழுதுவது என்று திகைக்கவேண்டியதில்லை. உலகச் செய்திகளை எழுத ஆயிரவர் உள்ளனர். இந்தக் கரையின் செய்திகளை எழுத இக்கரையில் பிறந்தவரே வேண்டும். உப்பு வாரும் கருவிகளுக்கு அளத்தில் வழங்கும் பெயர்கள், 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலிக்கு எந்த மாதத்தில் எந்தப் பறவை வருகிறது என்னும் குறிப்பு, முந்திரி பூக்கும் காலம், முதிய பெண்கள் மட்டுமே அறிந்த தாலாட்டுகள் ஆகிய இவை ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குரிய பொருள். தொழிலாளரைப் படம் எடுத்தால் அவர் இசைவைப் பெற்றே வெளியிடுதல் வேண்டும். வந்து பார்த்தோர் எண்ணிக்கையைக் கொண்டு தளத்தின் மதிப்பை அளத்தல் ஆகாது. தேவைப்பட்ட ஒருவர் தேடி வந்து, தேடியதைப் பெற்றுச் சென்றால், அப்பக்கம் தன் கடனை ஆற்றிவிட்டது.

வீட்டு முகவரி, கைப்பேசி எண், நாள்தோறும் போய்வரும் நேரம் ஆகியவற்றைத் தளத்தில் எந்நிலையிலும் இடலாகாது. கைப்பேசியில் எடுத்த படங்களுக்குள் எடுத்த இடத்தின் குறிப்பு மறைந்திருக்கக்கூடும் என்பதால் அதை நீக்கியபின்னரே ஏற்றவேண்டும். தளப்பெயரைப் பதியும்போது பதிவாளர் விவரம் பொதுவில் தெரியாதவாறு மறைக்க இயலுமா என்று கேட்டறியவேண்டும். குழுவில் எவரேனும் தனிப்படப் பேச வற்புறுத்தினால், அச்சமோ நாணமோ இன்றி அன்றே வீட்டாரிடம் சொல்லிவிடுதல் வேண்டும். அதற்காக எவரும் கடிந்துகொள்ளார்.

மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. அக்காலத்தார் கல்வெட்டின் இறுதியில், இந்த அறத்தைக் காப்பவரின் பாதம் தம் தலைமேல் இருப்பதாக என்று பணிந்து எழுதும் வழக்கம் இருந்தது. கல்லில் வெட்டிய பின்னும், காப்பவர் இல்லையேல் அறம் நில்லாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தளம் கல்லைவிட மெலிது. ஒரு கட்டணம் தவறினாலோ ஒரு வட்டு பழுதானாலோ மறைந்துவிடும். எனவே ஆண்டுக்கு ஒருமுறை, தை பிறந்ததும் அளத்தார் வரப்பைப் பார்க்கச் செல்லும் அதே நாட்களில், அறுந்த இணைப்புகளைச் சரிசெய்து, படியெடுத்து வைத்து, குழுவில் ஓய்ந்துபோன ஒருவரின் தளத்தையும் நலம் விசாரித்து வருவதை வழக்கமாக்கிக்கொண்டால், பாத்தியும் விளையும், வாய்க்காலும் தூராது.

முதற்பக்கம் எழுதி முடிந்ததும் அதன் இணைப்பு இவ்வீட்டுக்கு வந்து சேரட்டும். பிழைதிருத்தி உதவ இங்கே இரண்டு கண்கள் காத்திருக்கின்றன.

வாழ்க, வளர்க.

நலம் நாடும்
பெரியப்பா