லேசர் ஒளி தழும்பை அழிக்குமா?



"முகத்துத் தழும்பை லேசர்ல அழிச்சிடலாமாமே, நெசமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். தோட்டத்தில் பாடுபடுகிறவர் உடம்பில் தழும்புக்குக் குறைவில்லை. பால்வெட்டும் கத்தி பட்டது, செம்பனை முள் கிழித்தது, பாலை உறைய வைக்கும் ஆசிட் சுட்டது, இளவயதுப் பரு விட்டுப்போன பள்ளம் என்று எத்தனையோ. சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் போன்ற பேட்டைகளில் பிள்ளைகளோடு தங்க வரும் நம் மக்கள் விளம்பரத்தில் மயங்கிப் பணத்தைக் கட்டும் முன் இதைப் படிக்க வேண்டும்.

லேசர் என்ன செய்கிறது?

லேசர் என்பது குவிந்த, ஒரே நிற ஒளி. முதல் லேசர் கருவி 1960-இல் அமெரிக்காவில் இயங்கியது. அந்த ஒளியின் சூட்டால் தோலில் அளவாகக் காயம் உண்டாக்குகிறார்கள். காயம் ஆறும்போது கொலாஜன் என்ற புரதநார் புதிதாக வளர்ந்து பள்ளத்தைச் சற்று நிரப்புகிறது. 2004-இல் வந்த முறையில் ஒளி சல்லடைக் கண் போலப் புள்ளி புள்ளியாக இறங்கும். இடையிலுள்ள நல்ல தோல் புண்ணைச் சீக்கிரம் ஆற்றிவிடும்.

பலன் எவ்வளவு?

பருப்பள்ளம் குறையும்; அடியோடு மறையாது. பல தடவை செய்ய வேண்டிவரும்.

சிவந்து தடித்த புதுத் தழும்புக்கு வேறு வகை லேசர் உண்டு. அது சிவப்பையும் அரிப்பையும் தணிக்கும்.

காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கெலாய்டுக்கு லேசர் மட்டும் போதாது, மறுபடி வளரும். ஸ்டீராய்டு ஊசியும் சிலிக்கான் ஒட்டும் தேவைப்படும்.

வெயிலால் வந்த மெல்லிய சுருக்கம் குறையும். ஆனால் வயது நிற்காது. சுருக்கமும் திரும்ப வரும்.

மூட்டை மடக்க விடாத சூட்டுத் தழும்பு அழகுப் பிரச்சினையல்ல, பிழைப்புப் பிரச்சினை. அதற்கு உடற்பயிற்சியும் அறுவை சிகிச்சையும் தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

நம் தோலுக்கு எச்சரிக்கை

கருத்த தோலில் நிறமி அதிகம். அது லேசர் சூட்டை இழுத்துக்கொள்ளும். தவறான கருவியோ அளவோ அமைந்தால், பழைய தழும்போடு புதுக் கருந்திட்டும் சேரும். அது மறையப் பல மாதம் ஆகலாம். சிகிச்சைக்குப் பின் வெயில் படக்கூடாது. நாளெல்லாம் வெளிக்காட்டில் நிற்பவர் விடுப்புக்கு வழி செய்யாமல் இறங்கினால் பணமும் போகும், முகமும் கெடும். கெலாய்டு வந்திருந்தாலும், பருவுக்கு மாத்திரை சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கே போவது?

குவீன்ஸ்டவுனில் இருப்பவர் முதலில் அங்குள்ள பலதுறை மருந்தகத்தில் காட்டலாம். தேவையென்றால் 1988-இல் தொடங்கிய தேசியத் தோல் நிலையத்துக்குக் கடிதம் தருவார்கள். அப்படிப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு. வேலை அனுமதியில் இருப்பவருக்கு மானியம் இல்லை. அழகுக்காக மட்டும் செய்தால் யாருக்கும் மானியமும் இல்லை, மெடிசேவும் இல்லை. ஜொகூர் தோட்டத்தில் இருப்பவர் அரசாங்க மருத்துவமனையின் தோல் பிரிவைக் கேட்கலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நான்கு: என் தழும்பு எந்த வகை? எத்தனை தடவை? மொத்தச் செலவு எவ்வளவு? என் நிறத்தவருக்குச் செய்த அனுபவம் உண்டா?

கடைசியாக ஒன்று. சூடோ ஆசிட்டோ பட்டால் உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். வேலையில் பட்ட காயமானால் கைக்காசைச் செலவழிக்கும் முன் சங்கத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு நஷ்ட ஈடு கேட்க அதுதான் ஆதாரம்.