உணரியோடு பேசுவோம்: ஓர் எழுத்து போதும், அறைக்காற்று பதில் சொல்லும்

மாணவர்களே, தேர்வுக் காலம். நீங்களும் உங்கள் நண்பரும் வீவக வீட்டின் படுக்கையறையில் கதவைச் சாத்தி, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு படிக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் கண் சொக்குகிறது. பாடம் சலிப்பாக இருக்கிறதா, காற்று தேங்கிவிட்டதா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இருவருக்கு 36 லிட்டர். அறையின் நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.5 மீட்டர் என்றால் கொள்ளளவு 30 கனமீட்டர், அதாவது 30,000 லிட்டர். காற்று எங்குமே கசியாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கரியமில வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 1,200 பங்கு கூடிவிடும். இந்தப் ‘பத்து லட்சத்தில் இத்தனை பங்கு’ என்பதைத்தான் பிபிஎம் என்கிறோம். வெளிக்காற்றில் ஏற்கெனவே 420 பிபிஎம்முக்கு மேல் இருக்கிறது.

வீடுகளில் உள்ள சாதாரணக் குளிர்சாதனம் அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. புதுக் காற்றை அது கொண்டுவருவதில்லை. ஆகவே அறை குளிர்ந்திருந்தாலும் காற்று பழையதாகவே இருக்கலாம். சிங்கப்பூர்த் தரநிலை 554, குளிரூட்டப்பட்ட கட்டடங்களில் கரியமில வாயு வெளிக்காற்றைவிட 700 பிபிஎம்முக்கு மேல் கூடக்கூடாது என்கிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத்தர நடைமுறை விதி 1,000 பிபிஎம்மை எல்லையாக வைத்திருக்கிறது. இந்த எண்கள் நச்சு எல்லைகள் அல்ல. மனிதர்கள் வெளிவிட்ட காற்று எந்த அளவுக்குத் தேங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளங்கள்.

அந்த அளவை நாமே அளந்து, கம்பியில்லா முறையில் கணினிக்கு அனுப்புவது எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம்.

இரண்டு பாகங்கள், ஒரே வகைப் பேச்சு

நமக்கு வேண்டிய முதல் பாகம் கரியமில வாயு உணரி. ஸ்காட்லாந்தின் கேஸ் சென்சிங் சொலூஷன்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ‘கோசிர்’ உணரியை எடுத்துக்கொள்வோம். கரியமில வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை விழுங்கும் தன்மை உடையது. உணரிக்குள் ஒரு முனையில் ஒளி எரிகிறது, மறுமுனையில் ஒளியை அளக்கும் கருவி இருக்கிறது. வந்து சேரும் ஒளி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு வாயு இடையில் இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது பாகம், ‘இஎஸ்பி 8266’ என்னும் வைஃபை சில்லு பொருத்திய சிறு பலகை. இரண்டுக்கும் திரையோ பொத்தானோ கிடையாது. அவற்றோடு எழுத்தால்தான் பேச வேண்டும்.

இந்த வழக்கம் பழையது. 1981இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம், தொலைபேசி வழியே கணினிகளை இணைத்தது. அதற்குக் கட்டளையிட ‘ஏடி’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்குவார்கள். ‘கவனி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. இன்றைய வைஃபை பலகையும் அதே இரண்டு எழுத்துகளுக்குத்தான் செவிசாய்க்கிறது.

எழுத்து எப்படிப் பயணம் செய்கிறது?

கணினிக்கும் உணரிக்கும் இடையே உள்ளது தொடர் இணைப்பு. ஒரே கம்பியில் துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிசகாமல் போகும். ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘இசட்’டின் குறியீட்டு எண் 90. இரும எண்ணில் அது 01011010. இந்த எட்டுத் துகள்களுக்கு முன்னால் ஒரு தொடக்கத் துகளும் பின்னால் ஒரு முடிவுத் துகளும் சேரும். ஆக, ஓர் எழுத்துக்குப் பத்துத் துகள்கள்.

கோசிர் உணரியின் வேகம் விநாடிக்கு 9,600 துகள்கள். 10ஆல் வகுத்தால் விநாடிக்கு 960 எழுத்துகள். இரு பக்கமும் ஒரே வேகத்தில் இருந்தால்தான் பேச்சு புரியும். வேகம் மாறினால் துகள்களைத் தவறான நேரத்தில் எண்ணி, திரையில் கிறுக்கல் குறிகளாக வரும். கிறுக்கல் வந்தால் முதலில் வேகத்தைச் சரிபாருங்கள்.

கம்பி இணைப்பு

யுஎஸ்பி தொடர் இணைப்பி ஒன்று தேவை. அதில் 3.3 வோல்ட் நிலையைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பியின் அனுப்பும் கால், உணரியின் பெறும் காலுக்குப் போக வேண்டும். உணரியின் அனுப்பும் கால் இணைப்பியின் பெறும் காலுக்கு வர வேண்டும். ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு நேராக இருப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். தரை இணைப்பு இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பதிலே வரவில்லை என்றால், பெரும்பாலும் இந்த இரு கம்பிகள் இடம் மாறியிருக்கும் அல்லது தரைக் கம்பி விடுபட்டிருக்கும்.

கணினியில் ஒரு டெர்மினல் செயலியைத் திறந்து வேகத்தை 9,600 என்று வையுங்கள். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் இரண்டு குறிகள் போக வேண்டும்: குறியீட்டு எண் 13, பிறகு எண் 10. ஒன்று வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்வது, மற்றது அடுத்த வரிக்கு இறங்கச் சொல்வது. செயலியின் அமைப்பில் இரண்டையும் சேர்த்து அனுப்பும்படி தேர்வு செய்யலாம். இவை வராதவரை, நீங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று உணரி காத்துக்கொண்டிருக்கும்.

உணரிக்கான கட்டளைகள்

கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தருகிறோம். சிறிய எழுத்து என்று சொல்லாவிட்டால் பெரிய எழுத்து என்றே கொள்ளுங்கள். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள்.

1. ‘கே 2’: கேட்டால் மட்டும் பதில் சொல் என்று பொருள். ‘கே 1’ என்றால் உணரி விநாடிக்கு இரண்டு முறை தானாகவே அளவைச் சொல்லிக்கொண்டிருக்கும். ‘கே 0’ என்றால் அளப்பதை நிறுத்திவிட்டுக் கட்டளைக்கு மட்டும் காத்திருக்கும்.

2. ‘இசட்’: கரியமில வாயு எவ்வளவு? பதில் ‘இசட் 00842’ என்று வந்தால் 842 பிபிஎம். சிறிய எழுத்து ‘இசட்’டை அனுப்பினால் வடிகட்டாத அளவு வரும். பெரிய எழுத்து தருவது, திடீர் ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்த அளவு. எவ்வளவு சமன்செய்ய வேண்டும் என்பதை ‘ஏ 16’ என்பது போன்ற கட்டளையால் அமைக்கலாம். எண் கூடினால் அளவு நிதானமாக மாறும்.

3. ‘டி’: வெப்பநிலை. ‘டி 01284’ என்று வந்தால் 1,000ஐக் கழித்துப் பத்தால் வகுங்கள்: 28.4 டிகிரி செல்சியஸ். 1,000ஐக் கூட்டி அனுப்புவதால், சுழியத்துக்குக் கீழான வெப்பநிலையையும் கழித்தல் குறி இல்லாமல் சொல்லிவிடலாம்.

4. ‘எச்’: ஈரப்பதம். ‘எச் 00683’ என்றால் 68.3 விழுக்காடு. ஈரப்பத உணரி பொருத்திய வகைகளில்தான் மூன்றாவது, நான்காவது கட்டளைகளுக்குப் பயன் உண்டு.

5. ‘எம்’: எந்தெந்த அளவுகளைச் சொல்ல வேண்டும் என்பதற்கான பட்டியல். ஈரப்பதத்துக்கு 4096, வெப்பநிலைக்கு 64, வடிகட்டிய வாயு அளவுக்கு 4, வடிகட்டாததற்கு 2. வேண்டியவற்றைக் கூட்டி அனுப்புங்கள். முதல் மூன்றும் வேண்டுமானால் ‘எம் 4164’. இவை எல்லாம் இரண்டின் அடுக்குகள் என்பதால், எதைக் கூட்டினாலும் ஒரே விடை இரண்டு விதமாக வராது. உணரி அந்த ஒரே எண்ணைப் பிரித்து நீங்கள் கேட்டதைப் புரிந்துகொள்ளும்.

6. முற்றுப்புள்ளி: வரும் எண்ணை எதனால் பெருக்க வேண்டும்? அறைக்காற்றை அளக்கும் வகையில் விடை 1. மிக உயர்ந்த அளவுகளுக்கான வகைகளில் 10 அல்லது 100. இதைக் கேட்காமல் விட்டால் 8,000 பிபிஎம்மை 800 என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

கேள்விக்குறி பதிலாக வந்தால், உணரிக்கு உங்கள் கட்டளை புரியவில்லை. சிறிய எழுத்தா, பெரிய எழுத்தா என்று பாருங்கள்.

கவனம்: ‘ஜி’ என்னும் கட்டளை

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் கேள்விகள். ‘ஜி’ அப்படியல்ல. “இப்போது நீ இருப்பது புதுக் காற்றில். இதை அடிப்படையாக வைத்துக்கொள்” என்று உணரிக்குச் சொல்வது அது. புதுக் காற்றுக்கு உணரி வைத்திருக்கும் மதிப்பு 400 பிபிஎம்.

மூடிய வகுப்பறையில், உண்மை அளவு 1,200 பிபிஎம் இருக்கும்போது யாராவது ‘ஜி’யைத் தட்டிவிட்டால் என்ன ஆகும்? உணரி எதிர்த்துக் கேட்காது. அந்த 1,200ஐ 400 என்று நம்பிவிடும். அதன் பிறகு வரும் எண்கள் எல்லாம் பார்க்க அழகாக, குறைவாக இருக்கும். “நம் வகுப்பில் காற்று அருமை” என்று அறிக்கை எழுதுவீர்கள். ஜன்னல் மூடியே இருக்கும். கருவி பழுதாகி நின்றுவிட்டால் நமக்குத் தெரிந்துவிடும். தவறான எண்ணைத் தொடர்ந்து சொன்னால் தெரியாது. அதுதான் பெரிய இடர்.

அளவுதிருத்தம் செய்ய வேண்டுமானால் உணரியைத் திறந்தவெளிக்கு எடுத்துச் செல்லுங்கள். சாலைப் போக்குவரத்தைத் தவிர்த்து, நிழலில் வையுங்கள். எண் நிலைபெறும்வரை காத்திருங்கள். பக்கத்தில் குனிந்து மூச்சு விடாதீர்கள். பிறகே ‘ஜி’. நாள், நேரம், முன்பிருந்த அளவு, பின்வந்த அளவு நான்கையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

தானியங்கி அளவுதிருத்தமும் உண்டு. மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறியைத் தட்டினால் அதன் நிலை தெரியும். ‘1.0 8.0’ என்று இருந்தால் முதல் திருத்தம் ஒரு நாளில், அடுத்தவை எட்டு நாளுக்கு ஒரு முறை. அந்தக் காலத்தில் பதிவான மிகக் குறைந்த அளவைப் புதுக் காற்று என்று உணரி எடுத்துக்கொள்ளும். இரவில் ஆளில்லாத அலுவலகத்துக்கு இது பொருந்தும். இரவும் பகலும் ஆட்கள் இருந்து, ஜன்னலே திறக்காத அறைக்குப் பொருந்தாது. அங்கே அந்தக் குறியுடன் 0 சேர்த்து அனுப்பி அதை அணைத்துவிடலாம்.

வைஃபை பலகையோடு பேசுதல்

இப்போது உணரியைக் கழற்றிவிட்டு வைஃபை பலகையை இணையுங்கள். இதன் வழக்கமான வேகம் 1,15,200. மின்னழுத்தம் 3.3 வோல்ட் மட்டுமே. 5 வோல்ட் கொடுத்தால் பாழாகிவிடும். அலை அனுப்பும் நொடியில் அதிக மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், யுஎஸ்பி இணைப்பியின் சிறிய 3.3 வோல்ட் கால் போதாமல் பலகை திரும்பத் திரும்ப அணைந்து எழலாம். தனி மின்வழங்கி நல்லது.

‘ஏடி’ என்று தட்டுங்கள். ‘ஓகே’ வந்தால் கவனிக்கிறது. ‘ஏடி+சிடபிள்யூமோட்=1’ என்றால், இருக்கும் வைஃபையில் சேரும் நிலைக்கு மாறும். ‘ஏடி+சிடபிள்யூலாப்’ அருகிலுள்ள வைஃபை பெயர்களைப் பட்டியலிடும். ‘ஏடி+சிடபிள்யூஜாப்=’ என்று எழுதி, வைஃபையின் பெயரையும் மறைச்சொல்லையும் தனித்தனி இரட்டை மேற்கோளில், நடுவில் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால் இணையும். பிழை எண் 2 வந்தால் மறைச்சொல் தவறு. 3 வந்தால் அந்தப் பெயரில் வைஃபை கிடைக்கவில்லை. இந்தப் பலகைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து ‘ஏடி+சிப்ஸ்டார்ட்’ கட்டளையில் கணினியின் முகவரியைக் கொடுத்தால் தொடர்பு திறக்கும். பிறகு ‘ஏடி+சிப்சென்ட்=10’. அதென்ன 10? அனுப்பப்போகும் எழுத்துகளின் எண்ணிக்கை. உணரியின் பதில் ஓர் இடைவெளியில் தொடங்கும். அது ஒன்று, ‘இசட்’ ஒன்று, மீண்டும் இடைவெளி ஒன்று, இலக்கங்கள் ஐந்து, முடிவுக் குறிகள் இரண்டு. மொத்தம் பத்து.

இரண்டு பாகங்களோடும் கையால் பேசப் பழகிவிட்டால், உங்கள் இடத்தில் ஓர் ஆர்டுயினோவை அமர்த்தலாம். நீங்கள் தட்டிய அதே எழுத்துகளை அது நிமிடத்துக்கு ஒரு முறை தட்டும்.

ஓர் எச்சரிக்கை: மறைச்சொல் இந்தக் கம்பியில் திறந்த கடிதமாகப் போகிறது, பலகையின் நினைவகத்திலும் தங்கிவிடுகிறது. வீட்டின் முதன்மை வைஃபையைத் தவிர்த்து, விருந்தினர் வைஃபையைப் பயன்படுத்துங்கள். பள்ளியில் என்றால் ஆசிரியரிடம் அனுமதி பெறுங்கள். திட்டம் முடிந்ததும் அந்த மறைச்சொல்லை மாற்றுங்கள்.

எண் வந்தபின்?

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரின் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. அப்படிப்பட்ட புகைமூட்ட நாளில் ஜன்னலை மூடத்தான் வேண்டும். ஆனால் மூடினால் கரியமில வாயு கூடும். அன்று எப்போது, எவ்வளவு நேரம் கதவைத் திறக்கலாம் என்று முடிவெடுக்க உள்ளே ஓர் எண்ணும் வெளியே ஓர் எண்ணும் வேண்டும். கோசிர் உணரி புகைத்துகளை அளப்பதில்லை என்பதையும் மறவாதீர்கள். ஒரு கருவியின் பதிலை நம்புவதற்கு முன், அதனிடம் என்ன கேட்டோம், அதற்கு முன்பே என்ன சொல்லிவைத்தோம் என்று பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. ‘டி 01265’ எத்தனை டிகிரி?
2. ‘எம் 4100’ எவற்றைக் கேட்கிறது?
3. ஜன்னல் மூடிய அறையில் 30 மாணவர்கள் ஒரு மணி நேரமாக இருக்கிறார்கள். உணரி 410 பிபிஎம் என்கிறது. எதைச் சந்தேகிப்பீர்கள்?

விடைகள்: 1) 26.5 டிகிரி செல்சியஸ். 2) ஈரப்பதமும் வடிகட்டிய கரியமில வாயு அளவும். 3) அளவுதிருத்தத்தை. உணரியை வெளியே எடுத்துச் சென்று பாருங்கள். அங்கே 400ஐவிட மிகக் குறைவாகக் காட்டினால், யாரோ மூடிய அறையில் ‘ஜி’யைத் தட்டியிருக்கிறார்கள்.