யு.பி.எஸ். பாடம்: வயல்வெளியில் ஒரு ராட்சத பேட்டரி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "600 விஏ யு.பி.எஸ். போதுமா சார்?" என்பதுதான். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பது ஒன்று. கரண்ட் போனபின் எத்தனை நிமிடம் ஓடும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விஏ பதில் சொல்லும். (600 விஏ என்றால் 600 வாட் அல்ல; பெரும்பாலும் 360 வாட்தான்.) இரண்டாவதற்கு உள்ளே இருக்கும் பேட்டரியைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் என்று எழுதியிருந்தால் 12 x 7 = 84 வாட் ஹவர். 120 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் கணக்குப்படி 42 நிமிடம் ஓடும். நடைமுறையில் பாதி கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள்.

இப்போது தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள ஜேம்ஸ்டவுனுக்குப் போவோம். கோதுமையும் செம்மறி ஆடுகளுமாக இருக்கும் ஊர். அதன் அருகே காற்றாலைகளை ஒட்டி 2017 டிசம்பர் 1-ல் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் அளவு 100 மெகாவாட், 129 மெகாவாட் ஹவர். முதல் எண் சுமை, இரண்டாவது எண் சேமிப்பு. முழு வேகத்தில் கொடுத்தால் சுமார் 77 நிமிடம் வரும். நம் வீட்டு யு.பி.எஸ். பேட்டரிகளை அடுக்கினால் 15 லட்சத்துக்கும் மேல் வேண்டும்! 2020-ல் இதை 150 மெகாவாட்டாகப் பெருக்கினார்கள்.

இப்படிப்பட்ட நிலையத்துக்கு வயலைக் கேட்பது ஏன்? உயர் அழுத்த மின்பாதையும் சப்ஸ்டேஷனும் பக்கத்தில் இருக்க வேண்டும், நிலம் சமமாக இருக்க வேண்டும், வீடுகள் தள்ளி இருக்க வேண்டும். மூன்றும் ஊருக்கு வெளியேதான் சேர்ந்து கிடைக்கும். நிலம் கொடுப்பவருக்கு வாடகை வரும். பக்கத்து நிலத்துக்காரருக்கோ, "தீப்பிடித்தால் என் கதி என்ன?" என்ற கவலைதான் மிச்சம்.

அந்தக் கவலை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். 2021 ஜூலை 30-ல் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் அருகே, 300 மெகாவாட் விக்டோரியன் பிக் பேட்டரியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு பேட்டரிப் பெட்டி தீப்பிடித்து, அடுத்த பெட்டிக்கும் பரவியது. தீ அடங்க நாட்கள் ஆயின. யாருக்கும் காயமில்லை. ஆனால் சுற்றியிருந்த பகுதிகளுக்குப் புகை எச்சரிக்கை போனது. குளிரூட்டும் திரவம் கசிந்து ஷார்ட் சர்க்யூட் ஆனதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

கம்ப்யூட்டர் பயனாளராக என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அந்தப் பெட்டியைச் சாவி போட்டு ஆஃப் செய்து வைத்திருந்தார்கள். அதனால் கண்காணிப்பும் பாதுகாப்பு வசதிகளும் செயல்படவில்லை. கண்காணிப்பு சாப்ட்வேருடன் புதிய பெட்டி முழுமையாக இணைய 24 மணி நேரம் தேவைப்பட்டது. தீ அதற்குள் முந்திக்கொண்டது. உள்ளே வெப்பம் ஏறியது எந்தத் திரையிலும் தெரியவில்லை. ஆஃப் செய்த பேட்டரிக்குள்ளும் மின்சக்தி இருக்கும் அல்லவா? லேப்டாப்பை ஷட் டவுன் செய்தாலும் அதன் பேட்டரி காலியாகிவிடாதே!

எனவே உங்கள் உறவினர் யாரிடமாவது இப்படி ஒரு திட்டத்துடன் வந்தால், மெகாவாட்டை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். எத்தனை மெகாவாட் ஹவர், என்ன வகை லித்தியம் பேட்டரி, பெட்டிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, தீயணைக்கப் பாய்ச்சும் தண்ணீர் எங்கே வடியும், கிணறு எவ்வளவு தூரம், குத்தகை முடிந்ததும் அகற்றும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்க வேண்டும். முதல் பெட்டி லாரியிலிருந்து இறங்கும் நாளிலேயே அலாரம் வேலை செய்யுமா என்பதையும் சேர்த்து.