நிலத்தின் குளிர்ச்சியை வீட்டிற்குள் எடுப்போம்

அதிகாலையில் கிணற்று நீர் வெதுவெதுப்பாகவும் நண்பகலில் குளிர்ச்சியாகவும் இருப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் காற்றே மாறுகிறது. சில மீற்றர் ஆழத்தில் நிலத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். குளிர் நாடான சுவீடனில் குழாய் புதைத்து, வெப்பப் பம்பியால் அவ்வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்குகின்றனர். நமது மாவட்டத்து மகா ஓயாவிலோ நிலத்தின் மிக ஆழத்து வெப்பம் வெந்நீர்க் கிணறுகளாகவே வெளிவருகிறது.

அக்கரைப்பற்றில் நமக்கு வேண்டியதோ குளிர்ச்சி. 2004 ஆழிப்பேரலையின் பின் தகரக் கொட்டில்களில் வாழ்ந்த குடும்பங்கள் பகல் வெக்கையை நன்கறியும். ஆகவே மீண்டும் வீடு கட்டுகையில்:

1. மாரி வெள்ளம் எட்டாதபடி, இடைவெளியின்றி மண் நிரப்பித் தரையை உயர்த்துவோம். நிலத்தோடு ஒட்டிய தரை பகலிலும் குளிர்ந்திருக்கும்.
2. மெதுவாகச் சூடேறும் தடித்த மண்சுவர் எழுப்புவோம்.
3. அடுப்படி தவிர்ந்த தகரக் கூரைமேல் கிடுகு வேய்வோம்.
4. இரவுக் காற்று ஊடுருவ எதிரெதிரே யன்னல் வைப்போம்.

செய்து பார்க்க: கூரையில் பாதிக்கு மட்டும் கிடுகு போட்டு, நண்பகலில் இரு பக்கமும் இருந்து பாருங்கள்.