கணக்கேடுகளுக்குத் தொலைக் காப்பு

கொச்சி நகரின் மேற்குப் பகுதியில், மட்டாஞ்சேரியை அடுத்து அமைந்துள்ளது சுள்ளிக்கல். மிளகு, சுக்கு, ஏலம் முதலிய சரக்குகளின் வாணிகத்திற்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற வட்டாரம் இது. முன்னாளில் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்ட கணக்கேடுகள் இன்று கணிப்பொறியின் வட்டில் பதிந்துள்ளன. கடலோரத் தாழ்நிலமாகையால் ஈரமும் உப்புக் காற்றும் அங்கு இயல்பு. இவ்விரண்டும் மின் கருவிகளுக்குப் பகையாவன.

2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் இதே எறணாகுளம் மாவட்டத்தில் ஆலுவா, வடக்கன் பறவூர் பகுதிகளைச் சூழ்ந்தது. சேந்தமங்கலத்து நெசவாளர்களின் தறிகள் பாழாயின. வெள்ளம் வடிந்தபின், சான்றிதழ்களை இழந்தோர்க்கு அரசினர் அதாலத்துகள் நடத்தி அவற்றை மறுபடியும் வழங்கினர். அலுவலகங்களில் மூலப் பதிவு இருந்தமையால் அது இயன்றது. ஆனால் ஒரு கடையின் வரவு செலவுக்கோ, ஆசிரியர் தயாரித்த பாடக் குறிப்புகளுக்கோ அத்தகைய மூலப் பதிவு வேறெங்கும் இராது. உரியவரே அதனை ஏற்படுத்திக் கொள்ளல் வேண்டும்.

மேகச் சேமிப்பு என்பது யாது?

'மேகம்' என்னும் பெயர் கேட்போரை மயக்கலாம். உண்மையில் அது மும்பை, சென்னை, ஐதராபாத் போன்ற நகரங்களில் நிறுவப்பட்டுள்ள பெரிய தரவு நிலையமேயாகும். நம் கோப்புகள் இணையத்தின் வழியே அங்குச் சென்று பதிவாகின்றன. அக்கட்டடமும் தீக்கு இரையாகக் கூடியதே. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசாங்கத் தரவு நிலையம் ஒன்று எரிந்தபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய மேகச் சேமிப்பிலிருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. அதற்கு வெளியூரில் நகல் இல்லாமையே காரணம்.

ஆகவே வல்லுநர் கூறும் விதி இது: தரவுக்கு 3 பிரதிகள் வேண்டும், அவை 2 வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும், அவற்றுள் 1 வெளியூரில் இருத்தல் வேண்டும். கணிப்பொறியில் உள்ளது முதற் பிரதி. தனி வட்டில் எடுப்பது இரண்டாவது. மேகச் சேமிப்பு மூன்றாவது.

ஒத்திசைவும் காப்பும்

கூகிள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை முதன்மையாக ஒத்திசைவுச் சேவைகள். கணிப்பொறியில் ஒரு கோப்பை அழித்தால் மேகத்திலும் அது அழிபடும். அழித்தவற்றைப் பொதுவாக 30 நாள் வரையே மீட்கலாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீய நிரல் புகுந்தால், பூட்டப்பட்ட கோப்பே நல்ல கோப்பின் இடத்தில் ஏறிவிடும். உண்மையான காப்புச் சேவையோ பழைய நிலைகளை நாள்வாரியாகப் பேணும். சேதத்திற்கு முந்திய நாளின் நிலையைத் திரும்பப் பெறலாம். சேவையைத் தெரிந்தெடுப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பழைய நிலைகள் எத்தனை நாள் பேணப்படும் என்பதே.

வணிகர்க்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. 2017ஆம் ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, ஆண்டு அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பேணுதல் வேண்டும். சந்தா நின்றதும் தரவை அழித்துவிடும் சேவையானால் இத்தேவை நிறைவேறாது.

காலக் கணக்கு

இணைய வேகம் பிட்டுகளில் கூறப்படுகிறது. கோப்பின் அளவு பைட்டுகளில் கூறப்படுகிறது. 1 பைட்டு என்பது 8 பிட்டு. 200 கிகாபைட் தரவை, நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அனுப்புவதாகக் கொள்வோம். 200 × 1000 × 8 ÷ 20 = 80,000 நொடி; அதாவது ஏறத்தாழ 22 மணி நேரம். மின்தடை நேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் ஆற்றல் சேவைக்கு இருத்தல் அவசியம். முதல் ஏற்றம் முடிந்தபின் மாறிய பகுதி மட்டுமே செல்லுமாதலால் அன்றாட வேலை சிறிதாகும்.

சாவியும் சோதனையும்

கோப்புகள் கணிப்பொறியை விட்டுப் புறப்படுமுன்னரே மறையாக்கம் செய்யப்படுதல் நன்று. சாவி உரியவரிடம் மட்டுமே இருந்தால் சேவை நிறுவனத்தாரும் அவற்றைப் படிக்க இயலாது. ஆனால் அச்சாவி தொலைந்தால் தரவும் தொலைந்ததேயாகும். எனவே அதனைத் தாளில் எழுதி, கணிப்பொறி இல்லாத வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும்.

கட்டணத்தை ஒப்பிடுகையில் சேமிப்புக் கட்டணத்தோடு மீட்புக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுக. சில சேவைகள் வைப்பதற்குக் குறைவாகவும் எடுப்பதற்கு மிகுதியாகவும் வசூலிக்கின்றன.

மீட்டுப் பாராத காப்பை நம்புவதற்கில்லை. ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் மூன்று மாதத்திற்கொரு முறை, பழைய கோப்பு ஒன்றை வேறொரு கணிப்பொறியில் இறக்கித் திறந்து பார்க்கச் செய்க. பிடித்த நேரத்தையும் கண்ட குறையையும் ஒரு சிறு ஏட்டில் குறித்து வருக. சேவை தக்கதா என்பதை விளம்பரத்தைக் காட்டிலும் அவ்வேடே தெளிவாக உணர்த்தும்.