பேட்டரி கொதிப்பது ஏன்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

இராஜபாளையத்து நூலும், சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு வேண்டிய பாலும் சிறு சரக்கு வண்டிகளில் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வண்டிகளை ஓட்டுவோரில் பலர் கடன் பெற்று வாங்கியவர்கள். ஒரு பேட்டரி கெட்டால் அவர்களுக்குப் பல நாள் வருமானம் போய்விடும். ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரிகள் கெட்டனவென்றால், மூன்றாவதை வாங்குமுன், குற்றம் பேட்டரியில்தானா என்று ஆராய்வதே முறை. அதற்கு வேண்டிய இயற்பியல் நம் பாடத்திலேயே உள்ளது.

மின்னேற்றம் நடைபெறும் விதம்

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே ஆல்டர்னேட்டரின் அடிப்படை. சுழலும் மின்காந்தம், சுற்றியுள்ள கம்பிச் சுருள்களில் மாறுமின்னோட்டத்தைத் தூண்டுகிறது. டையோடுகள் அதனை நேர்மின்னோட்டமாக்குகின்றன. எஞ்சின் வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூட முயலும். அப்போது ரெகுலேட்டர், மின்காந்தச் சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் குறைத்து, பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் அதனை நிறுத்துகிறது.

12 வோல்ட் பேட்டரியில் ஆறு கலங்கள் உள்ளன. நிறைவாக மின்னேற்றிய நிலையில் கலத்துக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆக மொத்தம் 12.6. மின்னேற்றும்போது கலத்துக்கு ஏறத்தாழ 2.4 வோல்ட்டைத் தாண்டினால், நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து குமிழியிட்டு வெளியேறும். இதையே பட்டறையில் ‘பேட்டரி கொதிக்கிறது’ என்பர். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் இருந்தாலே தீப்பற்றக்கூடும். ஆதலால் அதனருகே பீடி பற்ற வைப்பது பெரும் ஆபத்து.

அறிகுறிகள்

டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறைதல், பல்புகள் அடுத்தடுத்து ஃபியூஸ் ஆதல், எஞ்சினை முடுக்கும்போது முகப்பு விளக்கு மிகுதியாகப் பிரகாசித்தல், அழுகிய முட்டை நாற்றம் ஆகியவை மிகை மின்னேற்றத்தின் அடையாளங்கள்.

ஆராயும் முறை

முதலில் மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து எஞ்சினை முடுக்க வேண்டும். வேகத்தோடு மின்னழுத்தமும் 15, 16 என ஏறினால் கட்டுப்பாடு தவறிவிட்டது என்பது உறுதி. கணினிக் கட்டுப்பாடுள்ள புதிய வண்டிகளில் இவ்வளவு மாறும். கையேட்டைப் பார்த்தல் வேண்டும்.

உடனே ரெகுலேட்டரை மாற்றிவிடலாகாது. தன்னிடம் வந்து சேரும் மின்னழுத்தத்தையே அது அறியும். சாவி ஸ்விட்ச் வழியே வரும் கம்பியிலோ, ரெகுலேட்டரின் எர்த் இணைப்பிலோ துருவினால் மின்தடை மிகுந்தால், ஓம் விதிப்படி அங்கே மின்னழுத்தம் குறையும். ரெகுலேட்டர் ‘போதவில்லை’ என்று கருதி மேலும் ஏற்றும். சென்ற கோடையில், என் தந்தையார் ஓட்டும் பால் வண்டியை ஒரு பட்டறையில் சோதித்தபோது, பேட்டரியில் 15.3 வோல்ட் இருந்தது; ரெகுலேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 1.1 வோல்ட் காட்டியது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 14.2! ரெகுலேட்டர் தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தது. துருப்பிடித்த போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் குறை நீங்கிற்று; ஒரு ரூபாய்க்கும் பொருள் வாங்கவில்லை.

இவ்விழப்பு இல்லையெனில், எஞ்சினை நிறுத்தி, தனியாகப் பொருத்திய ரெகுலேட்டரின் இணைப்பைக் கழற்றி, மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். மின்னேற்றம் நின்றுவிட்டால் ரெகுலேட்டரே பழுது. நிற்காவிடில், சுருளுக்குச் செல்லும் கம்பி எங்கோ தோலுரிந்து குறுக்குச் சுற்றாகியுள்ளது.

மின்னழுத்தம் 14.2-இல் சரியாக நின்றும் பேட்டரி கொதிப்பதுண்டு. ஒரு கலம் உள்ளேயே குறுக்குச் சுற்றாகிவிட்டால், எஞ்சிய ஐந்தும் அதே 14.2-ஐப் பங்கிட்டுக்கொள்ளும்; ஒவ்வொன்றுக்கும் 2.84 வோல்ட்! மூடி திறக்கக்கூடிய பேட்டரியாயின், ஹைட்ரோமீட்டரில் அக்கலத்தின் அடர்த்தி மட்டும் தாழ்ந்து காணும். இப்போதுதான் புதிய பேட்டரி தேவை.

ஓர் எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டரில் அவ்வாறு செய்தால் டையோடுகள் எரிந்துபோகும்.

முடிவு

பட்டறைத் தொழிலாளி ‘எர்த் சரியில்லை, தம்பி’ என்று அனுபவத்தால் கூறுவதும், நாம் வகுப்பில் ஓம் விதி என்று எழுதுவதும் ஒன்றே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுத்தால் அது உதவும். நம் சோதனைச் சாலையில் கற்ற அளவீடு, நம் தெருவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவரின் பணத்தைக் காக்குமாயின், அதுவே கற்றதன் பயனாகும்.