காட்டாற்றில் செபாராவ் பிடிக்க

ஏரியில் ஃபிளை தூண்டில் வீசிப் பழகியவன் நான். காட்டாற்றில் செபாராவ் பிடிக்கப் போனால் ஒவ்வொரு வீச்சிலும் நூல் பின்னாலுள்ள மரத்தில் சிக்குகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஈப்போ

நூலைப் பின்னால் வீசாமலே முன்னால் அனுப்பலாம். அதுதான் ரோல் காஸ்ட். நூலை நீரில் கிடத்தி, கோலை மெதுவாகத் தோள்வரை உயர்த்துங்கள். நூல் கோலுக்குப் பின்னே வளைந்து தொங்கியதும், கோலை முன்னோக்கி விசையோடு அசைத்துச் சட்டென்று நிறுத்துங்கள். நூல் வளையமாக உருண்டு போய் விரியும். நீர் நூலைப் பிடித்துக்கொள்வதால்தான் விசை கிடைக்கிறது. எனவே தரையில் அல்ல, நீரில் பழகுங்கள். நீளம் குறைந்த கோலும் மிதக்கும் நூலும் போதும்.

செபாராவ் சிறுமீன்களை வேட்டையாடும் மீன். ஆகவே சிறுமீன் போலத் தோன்றும், வெள்ளி மினுக்குள்ள ஸ்ட்ரீமர் ஃபிளையைக் கட்டுங்கள். பாறைக்குப் பின்னே ஓட்டம் தளரும் இடம், லுபுக்கின் (ஆற்றின் ஆழ்மடு) தலைப்பு, சாய்ந்த மரத்தடி ஆகியவற்றில் தேடுங்கள். மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். ஆகவே கீழ்ப்புறமிருந்து, நிழல் விழாமல் நெருங்குங்கள். கடித்ததும் பாயும் முதல் ஓட்டம் பலமானது. நூலை இறுக்காமல் ஓடவிடுங்கள்.

கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். அதே ஆற்றில் கெலாவும் சிக்கலாம். அது மெல்ல வளரும் மீன். ஆகவே ஈரக்கையால் பிடித்து, நீருக்குள்ளேயே விடுவியுங்கள்.

ஆறு திடீரெனக் கலங்கி இலைதழை மிதந்து வந்தால் ஆற்றின் மேற்பகுதியில் மழை பெய்திருக்கிறது, வெள்ளம் வரக்கூடும் என்று பொருள். மீன் கையருகே இருந்தாலும் விட்டுவிட்டு உடனே கரையேறுங்கள்.